வேட்டிக் கரை எங்கே போனது?

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பல வருஷம் நிக்கான் எஃப்எம்2-வில் ஃபிலிம் போட்டு எடுத்தவர். மகன் வாங்கிக் கொடுத்த டிஜிட்டல் கேமராவோடு போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனார். மறுநாள் காலை டீக்கடையில் என்னைப் பிடித்துத் திரையைக் காட்டினார். மாப்பிள்ளை முகம் நன்றாக வந்திருந்தது. வேட்டியைத்தான் காணோம். மடிப்பு இல்லை, கரை இல்லை, இடுப்புக்குக் கீழே வெள்ளைத்தாளைக் கத்தரித்து ஒட்டினாற்போல் இருந்தது.

"கேமராவுல கோளாறா தம்பி?"

"கோளாறு இல்ல சார், பழக்கம்" என்று சொல்லிவிட்டு இரண்டு டீ சொன்னேன்.

ஃபிலிம் காலத்தில் அவர் 400 ரோலைப் போட்டுவிட்டு டயலை 200-ல் வைப்பார். ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும். கலர் நெகட்டிவுக்கு அது நல்ல பழக்கம்தான். நிழலில் இருப்பது நெகட்டிவில் பதியாமல் போனால் போனதுதான். வெளிச்சம் கூடிப்போனால் அந்த இடம் இன்னும் கறுக்கும், அவ்வளவே. பிரிண்ட் போடுகிறவர் அங்கே கொஞ்சம் கூடுதல் ஒளி பாய்ச்சினால் வேட்டி மடிப்பு திரும்பி வந்துவிடும். அதனால் அவர் கை தானாகவே டிஜிட்டலிலும் 'பிளஸ் ஒன்று' வைத்துவிட்டது. மண்டபத்தின் பின்புறமோ இருட்டு. அந்த இருட்டைப் பார்த்து மீட்டரும் தன் பங்குக்கு வெளிச்சத்தை ஏற்றிவிட்டது.

டிஜிட்டலில் கதை தலைகீழ். சென்சார் என்பது டீ கிளாஸ்களை வரிசையாக அடுக்கிய தட்டு மாதிரி. 24 மெகாபிக்சல் என்றால் 2 கோடியே 40 லட்சம் கிளாஸ். வெளிச்சம் விழ விழ கிளாஸ் நிறையும். விளிம்பைத் தொட்டபின் எவ்வளவு ஊற்றினாலும் கணக்கு 'நிறைந்தது' என்று மட்டும்தான் சொல்லும். வேட்டியின் மேடும் பள்ளமும் இரண்டுமே நிறைந்த கிளாஸ் ஆகிவிட்டால் மடிப்பு எங்கிருந்து வரும்? எந்தக் கம்ப்யூட்டராலும் அதை மீட்க முடியாது. இருட்டாக எடுத்த படத்தை ஒன்றிரண்டு ஸ்டாப் தூக்கிவிடலாம். புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் இரைச்சல் தெரியும், போகட்டும். ஸ்லைடு ஃபிலிம் போட்டவர்களுக்கு இது பழைய பாடம். நெகட்டிவ்காரர்கள்தான் ஏமாறுகிறார்கள்.

"அப்ப முகத்துக்கு அளக்காம வேட்டிக்கு அளக்கணுமா?" என்றார் வாத்தியார். கணக்கு வாத்தியாரல்லவா, பிடித்துக்கொண்டார்.

அதற்குத்தான் ஹிஸ்டோகிராம் இருக்கிறது. திரையில் சின்ன மலை மாதிரி ஒரு வரைபடம். இடது பக்கம் இருள், வலது பக்கம் ஒளி. மலை வலது சுவரில் போய் முட்டி நின்றால் எங்கோ கிளாஸ் வழிகிறது என்று அர்த்தம். பல கேமராக்களில் வழிந்த இடத்தை மினுக்கிக் காட்டும் வசதியும் உண்டு. அதைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரையில் படம் பளிச்சென்று தெரிகிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெயிலில் ஒரு மாதிரி, வீட்டில் ஒரு மாதிரி தெரியும்.

அடுத்து, படத்தைச் சேமிக்கும் இரு வகைகள்: ரா, ஜேபெக். ரா உங்கள் நெகட்டிவ். ஜேபெக் லேபிலிருந்து வந்த பிரிண்ட். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. இருட்டறையில் பிரிண்ட் போட்டு மகிழ்ந்தவர் ராவில் எடுக்காமல் இருப்பது, நெகட்டிவைத் தூக்கி எறிந்துவிட்டு பிரிண்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருவது போல. டியூப்லைட்டில் முகமெல்லாம் பச்சையடித்த அந்தக்கால வீட்டுப் படங்கள் ஞாபகம் இருக்கிறதா? ராவில் அதைப் பிற்பாடு உட்கார்ந்து சரிசெய்யலாம்.

பழைய லென்ஸைப் பற்றியும் கேட்டார். நிக்கானின் எஃப் மவுன்ட் 1959-லிருந்து வருகிறது, அதே மவுன்ட் உள்ள டிஜிட்டல் கேமராவில் பெரும்பாலும் பொருந்தும். 1977-க்கு முந்தைய லென்ஸ் என்றால் மட்டும் கடையில் காட்டிவிட்டு மாட்டுங்கள். சில பாடிகளில் உரசும். மலிவான மாடல்களில் மீட்டர் வேலை செய்யாது. ஒன்று எடுத்துத் திரையில் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். சென்சார் ஃபிலிம் கட்டமான 36-க்கு 24 மில்லிமீட்டரை விடச் சின்னதாக இருந்தால் 50 எம்எம் லென்ஸ் 75 போலப் பார்க்கும். முகம் எடுக்க அது ஒரு லாபம்.

"கொடாக்கை ஒழிச்சதே இந்த டிஜிட்டல்தானே" என்று முணுமுணுத்தார். 1975-ல் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்ததே கொடாக்கில்தான் என்றேன். வெறும் பத்தாயிரம் புள்ளிகள். ஒரு படத்தைக் கேசட்டில் பதிய 23 விநாடி. நமக்குப் பக்கத்தில் ஊட்டியிலும் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஃபிலிம் செய்துகொண்டிருந்தது. ஆலை மூடியாகிவிட்டது; அது இருந்த இடத்துக்கு இந்துநகர் என்ற பெயர் மட்டும் நிற்கிறது.

வாத்தியாரிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்று உண்டு. எந்த ஃப்ரேம், எந்த அபெர்ச்சர், என்ன ஷட்டர் என்று எழுதி வைப்பார். இப்போது அதையெல்லாம் படமே தன்னோடு சுமந்து வருகிறது என்று காட்டியபோதுதான் முகம் மலர்ந்தது. "காசா பணமா, இஷ்டத்துக்கு எடுங்க" என்று அவருக்குப் பலரும் சொல்கிறார்களாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ரோலின் 36 படத்துக்குள் அடக்கிய கண் அவ்வளவு சுலபமாக வராது, அதை விட்டுவிடக் கூடாது. தாராளத்தை முன்கூட்டியே வீட்டில் பழகிப் பார்ப்பதில் காட்டலாம்.

ஒரு எச்சரிக்கை: பீரோவில் கிடந்த நெகட்டிவ் முப்பது வருஷம் கழித்தும் படம் தரும். ஹார்டு டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். இரண்டு பிரதி வையுங்கள், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கட்டும்.

நாளைக்கே ஒரு வேலை செய்யுங்கள். வெயிலில் கொடியில் காயும் வேட்டியைக் கட்டம் நிறைய வைத்து, பூஜ்யம், பிளஸ் ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு படம் எடுங்கள். நூலிழை எந்தப் படத்தில் மறைகிறதோ, அதற்கு முந்தையதுதான் உங்கள் கேமராவின் எல்லை.