அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி மேலாண்மையில் செவிலியர் பயிற்சி

அறுவை சிகிச்சை செய்துகொண்டவரின் வலியை அளந்து, தணித்து, மீண்டும் அளக்கச் செவிலியருக்குக் கற்பிப்பதே இப்பயிற்சி ஆகும். வலி தணியாத நோயாளி ஆழ்ந்து மூச்சு விடவும், இருமிச் சளியை வெளியேற்றவும், எழுந்து நடக்கவும் தயங்குவார். இதனால் நுரையீரல் தொற்றும், கால் சிரைகளில் இரத்தம் உறைதலும் நேரலாம்.

அளத்தல்

வலியை நேரடியாக அளக்கும் கருவி இல்லை. நோயாளியின் சொல்லே அளவுகோல். அமெரிக்கச் செவிலியர் மார்கோ மெக்காஃப்ரி 1968-இல் இக்கருத்தை வலியுறுத்தினார். 0 முதல் 10 வரை எண்ணிட்டுச் சொல்லுமாறு பெரியவர்களைக் கேட்கலாம். சிறுவர்களுக்கு முகப் படங்களைக் காட்டலாம். படுத்திருக்கும்போது மட்டுமின்றி, இருமும்போதும் வலி எவ்வளவு என்று கேட்க வேண்டும். முனகாதவருக்கு வலியில்லை எனக் கருதக் கூடாது.

மருந்தும் கண்காணிப்பும்

அடிமையாகிவிடுவாரோ என்று அஞ்சி, மருத்துவர் எழுதிய மார்ஃபினைத் தாமதிப்பதுண்டு. கண்காணிப்புடன் சில நாட்கள் மட்டும் தரும்போது அந்த வாய்ப்பு குறைவு. உடனடி ஆபத்து மூச்சு குறைதலே. பெரும்பாலும் அதற்கு முன் மிகுந்த தூக்கக் கலக்கம் தோன்றும். எனவே விழிப்பு நிலையையும் மூச்சு எண்ணிக்கையையும் கவனிக்கவும், முறிமருந்தான நலோக்சோனின் பயன்பாட்டை அறியவும் செவிலியர் கற்கின்றனர்.

ஓரெப்ரூ முறை

சுவீடனின் ஓரெப்ரூ மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவர் நரிந்தர் ராவல் வகுத்த முறையில், வார்டு செவிலியர் 3 மணி நேரத்திற்கு ஒருமுறை வலியை அளந்து பதிவுசெய்தனர். அளவு 3-ஐத் தாண்டினால் உடனே சிகிச்சை அளித்தனர். விலையுயர்ந்த கருவிகளைவிட, தவறாமல் கேட்டுக் குறிக்கும் பழக்கமே இதன் அடிப்படை.