சாணித்தாள் இதழ்களின் கடிதப் பக்கங்கள்

தாம் படித்துக்கொண்டிருக்கும் நூலைப் பற்றிப் பிறரிடம் பேசும் ஆவல் எல்லா வகை வாசகரிடமும் உண்டெனினும், அந்த ஆவல் ஓர் அமைப்பாகத் திரண்டு, எழுதப்படும் கதைகளின் போக்கையே மாற்றுமளவுக்கு வலுப்பெற்றதற்கு அமெரிக்க அறிவியல் புனைகதையைப் போன்ற தெளிவான எடுத்துக்காட்டு வேறொன்றைக் காண்பது அரிது. அதற்கு வழிவகுத்தவர் லக்சம்பர்க்கில் பிறந்து நியூயார்க்கில் வானொலி இதழ்களை நடத்திவந்த ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக். 1926 ஏப்ரலில் அவர் தொடங்கிய 'அமேசிங் ஸ்டோரீஸ்', முழுவதும் அறிவியல் புனைகதைக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கில மாத இதழாகும். அதில் அவர் வாசகர் கடிதங்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கியதோடு, கடிதம் எழுதியவரின் பெயரையும் முழு முகவரியையும் அச்சிட்டார். எந்தக் கதை பிடித்தது, எந்தக் கதையில் இயற்பியல் பிழைபட்டது என்று எழுதிய வாசகர்கள் இதழாசிரியரின் தயவை எதிர்பாராமல் ஒருவருக்கொருவர் நேரடியாக அஞ்சல் எழுதிக்கொள்ள இம்முகவரிகளே போதுமானவையாக இருந்தன.

இத்தொடர்பிலிருந்து உருவானதே ரசிகர் இதழ், அதாவது ஊதியமோ லாபமோ கருதாமல் வாசகர்களே எழுதி, படியெடுத்து, தமக்குள் சுற்றுக்கு விடும் சிற்றிதழ். 1930 மே மாதத்தில் வெளிவந்த 'தி காமெட்' இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. ஆனால் அதில் கதைகளைவிட அறிவியல் கட்டுரைகளே மிகுதி என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான ரசிகர் இதழ்கள் தட்டச்சு செய்த மெழுகுத்தாளை உருளையில் பொருத்தி மையிட்டுப் படியெடுக்கும் சைக்ளோஸ்டைல் முறையிலும், அதற்கும் வசதியில்லாதோரால் ஜெலட்டின் பலகையில் ஊதா மையைப் பதித்துச் சில பத்துப் படிகள் எடுக்கும் முறையிலும் உருவாயின. இதழைப் பெறக் காசு அனுப்பவேண்டும் என்ற கட்டாயமும் பலவற்றில் இல்லை. சென்ற இதழைப் படித்துக் கருத்தெழுதி அனுப்பினாலோ, தம் இதழை மாற்றாகக் கொடுத்தாலோ அடுத்தது தேடி வரும். கிளீவ்லண்ட் நகரின் பள்ளி மாணவரான ஜெர்ரி சீகல் 1932இல் தொடங்கிய இத்தகைய இதழ் ஐந்து இதழ்களோடு நின்றுவிட்டபோதிலும், அதன் 1933 ஜனவரி இதழில்தான் அவர் எழுதி ஜோ ஷஸ்டர் படம் வரைந்த கதையில் 'சூப்பர்மேன்' என்ற பெயர் முதலில் இடம்பெற்றது. அங்கே அவன் வழுக்கைத் தலை வில்லனாக இருந்தான்.

கடிதப் பக்கத்தின் செல்வாக்கு முழு வீச்சில் வெளிப்பட்டது 'அஸ்டவுண்டிங்' இதழில். 1937இன் இறுதியில் அதன் ஆசிரியப் பொறுப்பேற்ற ஜான் காம்ப்பெல், வாசகர்கள் ஒவ்வோர் இதழின் கதைகளையும் முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்தி எழுதிய கடிதங்களைத் தொகுத்து, ஒவ்வொரு கதையும் பெற்ற இடங்களின் சராசரியைக் கணக்கிட்டு வெளியிடத் தொடங்கினார். கடிதம் எழுதாத பெருங்கூட்டத்தின் விருப்பத்தை இச்சராசரி காட்டாது என்பது அதன் வெளிப்படையான குறை. ஆயினும் அடுத்து எத்தகைய கதை எழுதலாம் என்று எண்ணிய எழுத்தாளர்களுக்கு அதைவிட நம்பகமான அளவுகோல் கையில் இருக்கவில்லை. இப்பகுதிக்கு ஓயாமல் எழுதியவர்களுள் ஒருவர் ஐசக் அசிமோவ். புரூக்ளினில் மிட்டாய்க் கடை நடத்திய அவருடைய தந்தை, கடையில் விற்பனைக்குத் தொங்கும் சாணித்தாள் கதைப் புத்தகங்களை மகன் தொடக்கூடாது என்று தடுத்திருந்தார். 1929இல் வந்த ஓர் இதழின் பெயரில் 'சயன்ஸ்' என்ற சொல் இருந்ததைச் சுட்டிக்காட்டியே ஒன்பது வயதுச் சிறுவன் அனுமதி பெற்றான். அதே சிறுவன் வளர்ந்து, 1938இலும் அதையடுத்தும் எழுதிய கடிதங்களில் அறிவியல் கதைகளில் பெண் பாத்திரங்களும் காதலும் வேண்டியதில்லை என்று பதின்வயதுக்கே உரிய உறுதியோடு வாதிட்டபோது, வாசகியரும் அதே பக்கங்களில் அவருக்குச் சூடாகப் பதில் எழுதினர். 1939 மார்ச் மாத 'அமேசிங்' இதழில் அவருடைய முதல் கதை அச்சேறியபின், பிறர் அவரை வரிசைப்படுத்தும் முறை வந்தது.

ரசிகர் இதழ்களைச் சுற்றுக்கு விடுவதற்கென 1937இல் ரசிகர் டொனால்டு வோல்ஹைம் தோற்றுவித்த அமைப்பு கடிதப் பக்கத்தைவிட நுட்பமானது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் இதழின் படிகளை ஒரு பொறுப்பாளருக்கு அனுப்ப, அவர் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி ஆண்டுக்கு நான்கு முறை அனைவருக்கும் அனுப்புவார்; சென்ற கட்டில் படித்தவற்றைப் பற்றிய கருத்துகளே அடுத்த கட்டின் பெரும்பகுதியை நிரப்பின. உரையாடல் ஒரு சுற்று வர மூன்று மாதம் ஆயிற்று என்பது இன்றைய வாசகருக்குப் பொறுமையின் எல்லையாகத் தோன்றலாம். எழுதுவதற்கு முன் யோசிக்க அவகாசம் கிடைத்ததும் அதனால்தான்.

லண்டனில் இவ்வுரையாடல் மதுக்கடைக்கு இடம்பெயர்ந்தது. ஃபெட்டர் லேன் பகுதியின் 'ஒயிட் ஹார்ஸ்' மதுக்கடையில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வியாழக்கிழமை மாலைகளில் வாசகர்களும் எழுத்தாளர்களும் ஒரே மேசையில் கூடினர். அங்கு வழக்கமாக வந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1957இல் வெளிவந்த 'டேல்ஸ் ஃப்ரம் தி ஒயிட் ஹார்ட்' கதைத் தொகுப்புக்கு அந்த இடத்தையே களமாக்கினார்.

1939 ஜூலையில் நியூயார்க்கில் சுமார் 200 பேருடன் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடும் இதே கடித நட்புகளின் விளைவே. அங்கும் பூசல் இருந்தது, வோல்ஹைம் உள்ளிட்ட ஆறு பேர் உள்ளே விடப்படவில்லை. 1953 முதல் இம்மாநாட்டில் வழங்கப்படும் விருது கெர்ன்ஸ்பேக்கின் பெயரால் ஹ்யூகோ விருது எனப்படுகிறது. அதைத் தீர்மானிப்பது நடுவர் குழு அன்று. கட்டணம் செலுத்தி உறுப்பினராகும் வாசகர்களின் வாக்குகளே. ரசிகர் இதழுக்கான பரிசும் 1955இல் அதில் சேர்க்கப்பட்டது.