தீபன்: இறந்தவர்களின் கடப்பிதழில் உருவான குடும்பம்

இது பிரெஞ்சுப் படம். ஆனா, அதுல பெரும்பாலும் கேட்கிறது தமிழ்! பார்த்திருக்கீங்களா?

ஜாக் ஓடியார் இயக்கிய 'தீபன்', 2015 கான் திரைப்பட விழாவின் உயரிய தங்கப்பனை விருதை வென்றது.

கதை என்ன?

இலங்கைப் போர் முடியும் நேரம். முன்னாள் விடுதலைப் புலி ஒருவர், ஓர் இளம்பெண், தாயை இழந்த 9 வயதுச் சிறுமி. மூவரும் அந்நியர்கள். இறந்துபோன ஒரு குடும்பத்தின் கடப்பிதழ்களில் அப்பா, அம்மா, மகளாகப் பிரான்ஸ் செல்கின்றனர்.

அங்கே நிம்மதி கிடைச்சதா?

அவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பராமரிப்பாளராகிறார். அங்கே போதைப்பொருள் கும்பல்கள். மறுபடியும் துப்பாக்கிச் சத்தம்.

உண்மைக் கதையா?

கற்பனைதான். ஆனால், நாயகனாக நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தி பதின்ம வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். பிறகு பிரான்ஸில் தஞ்சம் அடைந்தவர்.

ஏன் பார்க்கணும்?

'அகதி'ன்னு செய்தியில படிச்சுட்டுக் கடந்துடுறோம். எல்லையைத் தாண்டினால் ஆபத்து முடிஞ்சிடும்னு நினைக்கிறோம். அதுக்கப்புறமும் புதுப் பெயரில், புது மொழியில், முன்பின் தெரியாதவரை நம்பி வாழணும். பள்ளிக்குப் போய் பிரெஞ்சு கற்கும் அந்தச் சிறுமியை நினைச்சுப் பாருங்க: 'அம்மா'ன்னு கூப்பிடுறவங்களே அவளுக்கு அந்நியர்.