எட்டாத கைபிடியும் பறிபோன உயிரும்

சிறிய ரக விமானமொன்றின் இயந்திரம் நடுவானில் நின்றுபோனால், அது கல்லைப் போல விழுந்துவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. உயரம் போதுமானதாயின், வேகத்தைக் காத்தவாறு சறுக்கி இறங்கி, வெட்டவெளியொன்றில் விமானத்தைத் தரையிறக்க விமானிக்கு அவகாசம் உண்டு. அவ்வாறிருந்தும் உயிர்கள் ஏன் பறிபோகின்றன?

புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வரின் மரணத்தை இங்கு நோக்குவோம். 1997 ஆம் ஆண்டு ஒக்டோபர் 12 ஆம் திகதி, கலிபோர்னியாவின் மொன்டரே விரிகுடாவில் அவரது விமானம் வீழ்ந்தது. அவரோ 2,700 மணித்தியாலங்களுக்கு மேல் பறந்த அனுபவசாலி. எனினும் அன்று அவர் செலுத்திய லோங்-ஈஸி ரக விமானம் அவருக்குப் புதியது. தனிநபர் ஒருவரால் கட்டப்பட்டது.

இவ்விமானத்தின் இரு எரிபொருள் தாங்கிகளில் ஒன்று வற்றினால், வால்வைத் திருப்பி மற்றையதற்கு மாறவேண்டும். வடிவமைப்பாளரான பேர்ட் ருட்டான் அவ்வால்வின் கைபிடியை விமானியின் கால்களுக்கிடையே அமைத்திருந்தார். விமானத்தைக் கட்டியவரோ அதனை விமானியின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். எரிபொருள் அளவைக் காட்டும் குழாய்களும் பின்புறத்திலேயே இருந்தன. அவற்றில் அளவுக் குறிகளும் இல்லை. புறப்படுமுன் குறடு ஒன்றைப் பொருத்தியும் கைபிடி வசப்படவில்லை. அளவைப் பார்ப்பதற்குக் கண்ணாடியொன்று கொடுக்கப்பட்டது. எரிபொருள் நிரப்புவதா எனக் கேட்டபோது டென்வர் வேண்டாம் என்றார்.

வானில் இயந்திரம் தடுமாறியபோது அவர் உடலைத் திருப்பிக் கைபிடியை எட்ட முயன்றிருக்க வேண்டும். அவ்வாறு திரும்புகையில் வலது கால் தன்னையறியாமலே சுக்கான் மிதியை அழுத்திவிடும் என்பதே விசாரணையாளரின் முடிவு. எரிபொருள் தடைப்பட்டதனாலன்றி, விமானத்தைச் செலுத்துவதிலிருந்து கவனம் விலகியதனாலேயே உயிர் போயிற்று.

இதற்கு மாறானது நடிகர் ஹரிசன் ஃபோர்ட்டின் அனுபவம். 2015 மார்ச் 5 ஆம் திகதி, இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சி விமானமொன்றில் அவர் சாண்டா மோனிக்காவிலிருந்து புறப்பட்ட சற்று நேரத்தில் இயந்திரம் வலுவிழந்தது. காபரேட்டரில் எரிபொருளை அளந்து விடும் சிறு திருகு தளர்ந்து, எரிபொருள் அளவுக்கு மிஞ்சிப் பாய்ந்ததே காரணம். அவர் வேகத்தைக் கைவிடாது கோல்ஃப் மைதானமொன்றில் இறங்கினார். படுகாயமடைந்த போதிலும் உயிர் தப்பினார்.

அமெரிக்காவில் 2011 முதல் 2015 வரை, எரிபொருளைக் கையாள்வதில் நேர்ந்த தவறுகளால் ஆண்டுதோறும் சராசரியாக 50 இற்கும் மேற்பட்ட சிறு விமான விபத்துகள் நிகழ்ந்தன. சம்பந்தப்பட்ட விமானிகளில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் தொழில்முறை உரிமம் பெற்றவர்கள்! அனைத்தையும் விமானியின் கவனக்குறைவென்று சொல்லி முடித்துவிடுவது இலகுவே. ஆயினும் டென்வர் விவகாரத்தில் அந்நாட்டின் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அவ்விதம் முடித்துவிடவில்லை. விமானியின் தவறுகளோடு, கைபிடியை எட்டாத இடத்தில் வைத்தவரின் தீர்மானத்தையும் விபத்துக்கான காரணிகளுள் ஒன்றாக அது பதிவு செய்தது. அதுவே நியாயமானது என்பது எமது கருத்து.