உஷார்! மெயிலுக்குள் ஒட்டும் ஸ்க்ரீன்ஷாட் யார் கைக்கெல்லாம் போகிறது தெரியுமா?

ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் கிளியரிங் ஆபீசில் வேலையா? மணலி, எண்ணூரில் கன்டெய்னர் யார்டு கணினி முன்னால் உட்காருகிறீர்களா? கையில் இருக்கும் வேலையை ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள். பார்ட்டி போன் போட்டு “டி.ஓ. வந்துச்சா?” என்று கேட்டதும், திரையை அப்படியே படம் பிடித்து மெயிலுக்குள் ஒட்டி அனுப்பிவிடுகிறோமே, அந்தப் பழக்கம் ஆபத்து. பெரிய ஆபத்து!

ஒரு பிள்ளைக்கு நடந்தது இது. பெயர் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை மத்தியானம். கன்டெய்னர் இன்னும் வெளியே வரவில்லை. திங்கள்கிழமைக்குப் போனால் டிடென்ஷன் கட்டணம் ஏறும். ஷிப்பிங் லைனுக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்று காட்டவேண்டும். பேங்க் பக்கத்தை முழுத் திரையாகப் படம் பிடித்தாள். ஒட்டினாள். ரிப்ளை ஆல் அழுத்தினாள். பணம் கட்டிய விவரம் போனது, சரி. கூடவே ஆபீஸ் கணக்கு எண் போனது. ஓரத்தில் திறந்திருந்த எக்செல் தாளும் போனது. அதில் எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி என்ற முழுப் பட்டியலும் இருந்தது.

சி.சி.யில் இருந்த பாதிப் பேரை அவளுக்கு யாரென்றே தெரியாது. அதில் ஒருவருடைய மெயில் பாஸ்வேர்டு ஏற்கெனவே திருடன் கையில்.

கொஞ்ச நாள் கழித்து, பாக்கிவைத்திருந்த பார்ட்டி ஒருவருக்கு மெயில் வந்தது. அதே ஆபீஸ் பெயர். கீழே அதே பழைய மெயில்கள். முகவரியில் மட்டும் ஓர் எழுத்து வித்தியாசம். “ஆடிட் நடக்கிறது, பழைய கணக்கில் போடவேண்டாம்” என்று எழுதி, புதுக் கணக்கின் கேன்சல் செய்த செக் படத்தை மெயிலுக்குள்ளேயே ஒட்டியிருந்தான். பாக்கித் தொகை பைசா பிசகவில்லை. பிறகு எப்படிச் சந்தேகம் வரும்? பணம் போய்விட்டது!

இதைப் பலர் யோசித்தே பார்ப்பதில்லை: தனி ஃபைலாக இணைத்தது ரிப்ளை போடும்போது பொதுவாக உதிர்ந்துவிடும். மெயிலுக்குள் ஒட்டிய படம் உதிராது. ரிப்ளைக்கு மேல் ரிப்ளையாக, பார்ட்டி, டிரான்ஸ்போர்ட்டர், லைன், சி.எஃப்.எஸ். என்று ஊர் சுற்றும். நடுவில் புதிதாக ஒருவரைச் சேர்த்தால் அவருக்கும் பழைய படம் அத்தனையும் போய்ச் சேரும்.

“நான் வெட்டிவிட்டுத்தானே அனுப்புகிறேன்” என்கிறீர்களா? வெட்டியது போய்விட்டது என்று நம்பாதீர்கள். வேர்டு ஃபைலில் படத்தை ஒட்டி கிராப் செய்தால், வெட்டிய பகுதி வழக்கமாக உள்ளேயே ஒளிந்திருக்கும். ஃபைலைப் பெறுகிறவர் இழுத்து விரித்துப் பார்த்துவிடலாம். 2023-ல் இன்னும் மோசம். கூகுள் பிக்சல் போனிலும், விண்டோஸ் 11-ன் ஸ்னிப்பிங் டூலிலும் வெட்டி அதே ஃபைலாகச் சேமித்த படங்களிலிருந்து, வெட்டிய பகுதியை ஓரளவு மீட்டெடுக்க முடிகிறது என்று தெரியவந்தது. இரண்டு கம்பெனிகளும் அவசரமாகச் சரிசெய்தன. ஆனால் அதற்கு முன்னால் அனுப்பிய படங்கள்? அவை யாருடைய இன்பாக்ஸிலோ அப்படியேதான் கிடக்கின்றன.

போன் மார்க்கரால் கறுப்புக் கோடு இழுத்து எண்ணை மறைப்பதும் வேண்டாம். சில மார்க்கர் மை பாதி ஊடுருவித் தெரியும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் எண் பளிச்சென்று வந்துவிடும். ஆதார் அனுப்பியே தீரவேண்டுமென்றால், கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்திலேயே எடுக்கலாம்.

படத்தில் தெரிவது கன்டெய்னர் எண்தானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் போதைப்பொருள் கும்பல் 2011 முதல் இரண்டு வருஷம் கணினிகளுக்குள் புகுந்து விளையாடியது. பெட்டி எங்கே நிற்கிறது, எடுக்க என்ன குறியீடு என்று பார்த்து, உரியவர் வருமுன் தன் லாரியை அனுப்பித் தூக்கியது. உள்ளே நுழைந்த முதல் வழி, ஊழியர்களுக்கு வந்த மெயில்! எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் ட்ரெய்லர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்து பகீர் என்கிறது.

உங்களுக்கு வரும் மெயிலில் இவற்றைப் பார்த்தால் உஷார்!

எழுத்தே இல்லாமல் முழு மெயிலும் ஒரே படமாக இருக்கிறதா? தொடாதீர்கள். எழுத்தைத் தேடும் ஸ்பாம் வடிகட்டியை ஏமாற்றவே அப்படி அனுப்புகிறார்கள்.

படத்துக்குள் க்யூ.ஆர். கோடு வைத்து, பாஸ்வேர்டு முடிகிறது, உடனே ஸ்கேன் செய் என்கிறதா? செய்யாதீர்கள்! ஆபீஸ் கணினிக்கு இருக்கும் காவல் உங்கள் சொந்த போனுக்கு இல்லை.

கணக்கு எண் மாறியது என்று படமாக வருகிறதா? அந்த மெயிலில் இருக்கும் நம்பருக்குப் பேசவே கூடாது. பழைய பில்லில் இருக்கும் நம்பருக்குப் பேசி, தெரிந்த குரலிடம் கேளுங்கள். முதலாளி அவசரப்படுத்தினாலும் கேளுங்கள்.

இன்றைக்கே இரண்டு வேலை செய்யுங்கள். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை 30 நொடியாக வையுங்கள். அதற்குமேல் அது தராது. முழுத் திரையைப் பிடிக்காமல், தேவையான கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிடிக்கப் பழகுங்கள்.

பணம் போய்விட்டதா? திட்டுவார்களே என்று மறைத்துவைக்காதீர்கள், கண்ணுகளா. அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பரிவர்த்தனை எண், தேதி, தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால்தான் பேங்கால் நிறுத்திவைக்க முடியும்.