போலியோவை வென்றவர்களுக்கு மீண்டும் தளர்ச்சி ஏன்?

இந்தியாவில் இயற்கைப் போலியோ கிருமியால் இறுதியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27 அன்று, நம் நாடு அடங்கிய தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆயினும், இளமையில் இந்நோய்க்கு ஆளானோர் பலர் இன்று நடுவயதைக் கடந்து நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுள் சிலருக்குப் பல்லாண்டுகளுக்குப் பின் புதிய தளர்ச்சி தோன்றுகிறது.

வடசேரிப் பேருந்து நிலையத்தில் துணையின்றிப் பேருந்து ஏறி வந்தவர் படியில் தடுமாறத் தொடங்குகிறார். சந்தைக்குச் சென்று வந்தால் மறுநாளும் அயர்ச்சி தீர்வதில்லை. இதனை முதுமை என்றோ சோம்பல் என்றோ ஒதுக்கிவிட வேண்டாம் என்று வீட்டாரைக் கேட்டுக்கொள்கிறோம்.

காரணம் என்ன?

போலியோ கிருமி தண்டுவடத்தில் தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. எஞ்சிய அணுக்கள் புதிய கிளைகள் விட்டு, இயக்கமிழந்த தசைநார்களையும் ஏற்றுக்கொள்கின்றன. அன்று நடை மீண்டது அதனால்தான். அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கிய அக்கிளைகள் காலப்போக்கில் செயலிழக்கின்றன என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பொதுவாக, முதல் நோய் தணிந்து 15 ஆண்டுகளேனும் கடந்த பின்னரே இது தோன்றும். பழைய நோய் திரும்புவதன்று, பிறருக்குத் தொற்றாது.

கவனிக்க வேண்டியவை

புதிய தசைத்தளர்ச்சி, மிகுந்த களைப்பு, மூட்டு மற்றும் தசைவலி, குளிர் தாங்காமை ஆகியவை முக்கிய அறிகுறிகள். இதனை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை இல்லை. தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, முதுகெலும்புக் கோளாறு போன்றவை இல்லையென்று அறிந்த பின்னரே நரம்பியல் மருத்துவர் முடிவுக்கு வருவார். மூச்சுத்திணறலோ விழுங்குவதில் சிரமமோ இருப்பின் தாமதிக்கலாகாது.

வாழும் முறை

முயன்றால் முடியும் என்று கேட்டே வளர்ந்தவர்களுக்கு ஓய்வு எடுப்பது தோல்வி போலத் தோன்றலாம். ஆனால், தளர்ந்த தசையைக் களைப்படையும்வரை வருத்தினால் வலியும் தளர்ச்சியும் மிகலாம். வேலைகளைப் பிரித்துச் செய்தல், இடையிடையே ஓய்வு, இயன்முறை மருத்துவர் வகுக்கும் மிதமான பயிற்சி, உடல் எடைக் கட்டுப்பாடு ஆகியவை உதவும். என்றோ கழற்றி வைத்த காலிப்பரை மீண்டும் அணிய நேரலாம், அதில் வெட்கமில்லை. உதவி உபகரணங்களுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னரும், இளமையில் போலியோ வந்ததை மயக்க மருந்து அளிக்கும் மருத்துவரிடம் தவறாமல் தெரிவியுங்கள்.