திரையில் ஒரு பச்சை, தாளில் ஒரு பச்சை

வெள்ளவத்தை வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: ரொறன்ரோவிலுள்ள தம்பி குடும்பம் வரை வட்ஸ்அப்பில் பார்த்துச் சம்மதித்த கலியாண அழைப்பிதழின் கிளிப்பச்சை, கொட்டாஞ்சேனையில் அச்சாகி வந்தபோது வாடிப்போயிருந்ததாம். மையில் மிச்சம் பிடித்துவிட்டார்களா என்று கேட்கிறார்.

அப்படிச் சந்தேகிக்க வேண்டாம், சகோதரி. திரை தானே ஒளிர்வது. சிவப்பு, பச்சை, நீல ஒளிகளைக் கூட்டி நிறம் காட்டும். தாளுக்குச் சொந்த ஒளி இல்லை. விழுகிற வெளிச்சத்தில் ஒரு பங்கை மை விழுங்க, எஞ்சியதே நம் கண்ணுக்கு வரும். சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளுக்கும் எட்டாத நிறங்கள் திரையில் நிறைய உண்டு. கிளிப்பச்சை அவற்றிலொன்று. பளீரென்ற நீலமோ தாளில் கத்தரிப்பூ நிறத்துக்கே சாய்ந்துவிடும். அந்தப் பச்சைதான் வேண்டுமென்றால் பான்டோன் நிறப் புத்தகத்தில் தெரிவுசெய்து, தனி மை கலந்து, ஐந்தாவது பிளேட் போட்டு அடிக்க வேண்டும். செலவு கூடும்.

இந்த இடைவெளியைச் சமாளிக்க 1993இல் அடோபி, அப்பிள், கொடாக் உட்பட எட்டு நிறுவனங்கள் கூடி ஐசிசி என்ற சர்வதேச நிறக் கூட்டமைப்பைத் தொடங்கின. அதன் 'புரொபைல்' கோப்பு இருந்தால், அச்சில் நிறம் எவ்வளவு மங்கும் என்பதைக் கணினித் திரையிலேயே முன்கூட்டிப் பார்க்கலாம்.

என்னை அதிகம் ஈர்ப்பது தாளின் வெள்ளைதான். பளிச்சென்ற வெள்ளைத் தாள்களில் ஒளிரூட்டி இரசாயனம் சேர்க்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உள்வாங்கி நீல ஒளியாக வெளிவிடும். வெயிலில் புற ஊதா உண்டு. ஆகவே தாள் நீலம் பாரித்த வெள்ளையாக மின்னும். சாதாரண எல்இடி மின்குமிழில் அது இல்லையென்றே சொல்லலாம். அதே தாள் அங்கே பால்வெள்ளையாக அடங்கிவிடும். தாள் மாறினால் அதன்மேல் உள்ள இளமஞ்சளும் ரோசாவும் மாறும். காலி வீதிப் புடைவைக் கடைகளில் அம்மா சேலையையும் சட்டைத்துணியையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பார். அச்சுத்துறையும் அதைத்தான் விதியாக்கியிருக்கிறது: நிறம் பார்க்க 5000 கெல்வின் வெளிச்சம் என்பது சர்வதேசத் தரம். திரைகளின் வெள்ளையோ பொதுவாக 6500, இன்னும் நீலம். கைப்பேசியில் இரவு மோட் போட்டிருந்தால் அந்த அளவும் போச்சு.

திரையை ஒருமுறையேனும் கருவி வைத்து அளந்து சரிசெய்யாமல் வருடக்கணக்கில் வேலை வாங்கும் அச்சகங்கள் பல. நாமும் இருநூறு அட்டைக்குப் பேரம் பேசி, புரூஃப் எனும் மாதிரி அச்சின் செலவைத்தான் முதலில் வெட்டுகிறோம். நிறம் பிசகினால் பழி மெஷின்காரர் தலையில். இது அநியாயம். வட்ஸ்அப் படத்தில் எழுத்துப்பிழை மட்டும் பாருங்கள். நிறத்துக்கு, அச்சாகப்போகும் அதே அட்டையில் ஒரு புரூஃப் கேளுங்கள். பகலில் யன்னலோரம் வைத்துப் பார்த்துக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். மெஷின்காரர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மையைக் கூட்டிக் குறைப்பார்.